பெரிஸ்டால்சிஸ்: அலைவா, இழுப்பா, சுருக்கா?

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரிடம் டாக்டர் தவறாமல் கேட்பது, "காற்று பிரிஞ்சுதா?" என்பதுதான். கேட்க ஒருமாதிரி இருந்தாலும் அது ரொம்ப முக்கியமான கேள்வி, ஏனென்றால் அறுவைக்குப் பிறகு ஓய்ந்துபோன குடல் மறுபடி இயங்கத் தொடங்கிவிட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். அந்த இயக்கத்தின் பெயர்தான் பெரிஸ்டால்சிஸ். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

விழுங்கிய கவளத்துக்குப் பின்னால் உள்ள வளையத் தசை இறுகுகிறது, முன்னால் உள்ளது தளர்கிறது, கவளம் நகர்ந்ததும் அடுத்த வளையம் இறுகுகிறது, இப்படியே போகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் சாப்பாடு இரைப்பைக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். பின்னால் இறுக்கம், முன்னால் தளர்வு என்ற இந்த முறையைக் குடலின் விதியாகவே 1899இல் எழுதிவைத்தார்கள் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியலாளர்கள்.

சொல் கிரேக்கம். 'பெரி' என்றால் சுற்றிலும், 'ஸ்டெல்லேன்' என்றால் ஒழுங்குசெய், கூட்டிச் சேர். இரண்டும் சேர்ந்தால் சுற்றி வளைத்து இறுக்குவது. பிரஷர் பார்க்கும்போது மேலே எழுதும் எண்ணைச் சிஸ்டாலிக் என்கிறோமே, அந்தச் 'சிஸ்டோல்' கூட இதே வேரிலிருந்து வந்ததுதான். கவனியுங்கள், கிரேக்கச் சொல்லில் அலையே கிடையாது!

தமிழில் 'அலைவியக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. அலைவு என்றால் ஊசல்போல முன்னும் பின்னும் போய்வருவது, இயற்பியல் பாடத்தில் அப்படித்தான் படித்தோம், ஆனால் இதுவோ ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போவது. 'சுற்றிழுப்பசைவு' என்றும் ஒரு சொல் உண்டு, கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது, உழைத்து உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் இழுப்பு என்றதும் நமக்கு மூச்சிழுப்பும் வலிப்பும்தான் ஞாபகம் வருகின்றன, அதோடு குடல் இழுப்பதில்லை, தள்ளுகிறது.

பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுற்றிலும் இறுகி மூடிக்கொள்ளும். கிரேக்கர் சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான். அந்தச் சுருக்கு ஓரிடத்தில் நிற்காமல் குழாய் நெடுக ஓடினால் அது 'சுருக்கு அலை'. இடம் விட்டே எழுத வேண்டும், சேர்த்து எழுதினால் 'சுருக்கவில்லை' என்பதன் பேச்சு வடிவமாகிவிடும். 'குடல் அசைவு' என்பது எளிதுதான், ஆனால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைத் தள்ளுவதும் இதே இயக்கம்தான், மண்புழு ஊர்வதும் இப்படித்தான், அங்கெல்லாம் குடலுக்கு எங்கே போவது?