நகரும் வால்வெள்ளியை நிறுத்தி வைப்பது எப்படி?

ஹட்டனிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருந்தார்: "அறுபது படம் எடுத்து அடுக்கினேன் சேர். நட்சத்திரமெல்லாம் கூர்மையா வந்திருக்கு. வால்வெள்ளி மட்டும் ஏன் இழுபட்டுக் கிடக்குது?"

மங்கலான வால்வெள்ளிக்கு ஒரு படம் போதாது. அதன் ஒளி இரைச்சலுக்குள், அதாவது படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகளுக்குள், அமுங்கிவிடும். படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால், இரைச்சல் படங்களின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்குக் குறையும். சரி, எதை ஒட்டி அடுக்குவது? சிக்கல் அங்கேதான்.

நட்சத்திரங்களுக்கிடையே வால்வெள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 2 விகலை என்று வைத்துக்கொள்வோம் (3600 விகலை ஒரு பாகை). 200 மில்லிமீற்றர் லென்ஸும் 4 மைக்ரோன் பிக்சலும் உள்ள கமெராவில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 4 விகலை. ஒரு நிமிடப் படத்தில் அரைப் பிக்சல் நகர்வு, கண்ணுக்கே தெரியாது. ஒரு மணி நேரத்தில் 30 பிக்சல்! நட்சத்திரத்தை ஒட்டி அடுக்கினால் வால்வெள்ளி இழுபடாமல் என்ன செய்யும்?

அதனால் மென்பொருளிடம் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் வால்வெள்ளியின் தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். இடையில் அது எங்கெங்கே இருந்திருக்கும் என்பதை, படங்களில் பதிந்த நேரத்தை வைத்து மென்பொருளே கணக்கிட்டு, ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி அடுக்கும். கமெராவின் கடிகாரத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நட்சத்திரங்கள் கோடாகும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சராசரிக்குப் பதிலாக இடையம் எடுங்கள். 3 பிக்சல் அகலமான நட்சத்திரம் ஒரு பிக்சலை ஏறக்குறைய 6 படங்களில்தான் கடக்கும். மற்ற 54இலும் அங்கே வெறும் வானமும் வால்வெள்ளியின் ஒளியும்தான். மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் நட்சத்திரம் அப்படியே காணாமல் போகும். தனிப்படம் எதிலும் தெரியாத வால் மெல்ல எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

மலையகத்தில் இன்னொரு தொல்லை, துருவ நட்சத்திரம். வானம் சுழல்வதற்கு ஈடாகக் கமெராவைத் திருப்பும் தாங்கியின் அச்சை அதை நோக்கித்தான் வைக்க வேண்டும். நமக்கு அது அடிவானிலிருந்து 7 பாகை உயரத்தில்தான். பெரும்பாலும் ஏதாவதொரு மலை மறைத்துவிடும். திசைகாட்டியால் ஓரளவு வடக்கே திருப்பிவிட்டு, நட்சத்திரம் விலகும் திசையைப் பார்த்துத் தாங்கியைத் திருத்த வேண்டும். அப்புறம் பனி ஈரம். லென்ஸைச் சுற்றி இளஞ்சூட்டுப் பட்டி கட்டாயம்.

வால்வெள்ளி வந்தால் நாட்டுக்கு ஆகாது என்று இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க ஒரு கமெராவும் தாங்கியும் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொடுத்தால் போதும். அரசு அதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மங்கலாக இருக்கிறதே என்று படங்களை அழித்துவிடாதீர்கள். பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட அட்லஸ் வால்வெள்ளி 2020இல் உடைந்து சிதறியது. யாரும் பெரிதாக எண்ணாத ஹோம்ஸ், 2007 அக்டோபரில் இரண்டு நாளுக்குள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் மடங்கு ஒளிர்ந்தது.