மீட்டர் திருத்தாத வெப்பநிலை

சரிபார்ப்புக்கு வரும் ஆய்வக அறிக்கைகளில் பிஎச் மதிப்பும் (கரைசலின் அமில, காரத் தன்மையின் அளவு) கடத்துதிறனும் (அது மின்சாரத்தைக் கடத்தும் திறன்) இரண்டு தசம இடம் வரை நிரப்பப்பட்டிருக்க, வெப்பநிலைக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருப்பதை அடிக்கடி காண்கிறேன். கேட்டால், மீட்டரே அதைத் திருத்திக்கொள்ளும் என்கிறார்கள். அது எதைத் திருத்துகிறது என்று தெரிந்தவர்கள் அவ்வளவு நிம்மதியாக இருக்க மாட்டார்கள்.

நீரில் கரைந்த அயனியை, அதாவது மின்சுமை கொண்ட துகளை, நீர் மூலக்கூறுகள் ஒழுங்காகச் சூழ்ந்துகொள்கின்றன. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. சூடு ஏறும்போது இந்தக் கரைப்பானேற்றம் தளர்கிறது. நீரின் மின்காப்பு மாறிலி 20 டிகிரி செல்சியஸில் சுமார் 80. 100 டிகிரியிலோ சுமார் 56 மட்டுமே என்பதால், எதிரெதிர் மின்சுமைகளுக்கு இடையிலான ஈர்ப்பை அடக்கிவைக்கும் திறனும் குறைகிறது. ஆயினும் எல்லா உப்பும் ஒரே வழியில் செல்வதில்லை. படிகத்தைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலுக்கும் அயனிகளை நீர் சூழும்போது வெளிப்படும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடே போக்கைத் தீர்மானிக்கிறது: 100 கிராம் நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 0 டிகிரியில் சுமார் 13 கிராமும் 20 டிகிரியில் சுமார் 32 கிராமும் கரைய, கால்சியம் சல்பேட் உப்பான ஜிப்சமோ 40 டிகிரியைத் தாண்டினால் சூடேறச் சூடேறக் குறைவாகவே கரைகிறது. கொதிகலன்களில் சல்பேட் படிவு உருவாவது இதனால்தான்.

கரைப்பானேற்றம் தளர்ந்தும் கடத்துதிறன் உயர்வது முரணாகத் தோன்றலாம். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் செல்கையில் நீரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடை, ஏறத்தாழப் பாதியாகிவிடுவதால், அயனிகள் தடையின்றி நகர்கின்றன. சாதாரண உப்புக் கரைசல்களில் டிகிரிக்குச் சுமார் 2 சதவீத உயர்வு என்று கொண்டு, மீட்டர் அளவீட்டை 25 டிகிரிக்கு மாற்றிக் காட்டுகிறது. மிகத் தூய நீரில் நீரே பிரிந்து தரும் அயனிகளின் எண்ணிக்கையும் கூடுவதால், உயர்வு டிகிரிக்குச் சுமார் 5 சதவீதம். அங்கு 2 சதவீதக் கணக்கு தவறான எண்ணையே தரும்.

பிஎச் மீட்டரின் நிலை இன்னும் குறுகியது. ஒரு பிஎச் அலகுக்கு மின்முனையின் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்ற சரிவை (25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட்) மட்டுமே அது வெப்பநிலைக்கேற்ப மாற்றுகிறது. மாதிரியில் நிகழும் வேதி மாற்றத்தை அது அறியாது. 50 டிகிரியில் தூய நீர் சுமார் 6.63 காட்டினால் அது அமிலமன்று, நடுநிலையே. மீட்டரைச் சரிபார்க்கப் பயன்படும், பிஎச் தெரிந்த தாங்கல் கரைசலின் மதிப்பும் நகரும்: 25 டிகிரியில் 10.01 ஆக உள்ள கார்பனேட் தாங்கல், 20 டிகிரியில் 10.06. ஆகவே மாதிரியின் வெப்பநிலையிலேயே அளவுதிருத்தம் செய்து, அந்த வெப்பநிலைக்குப் புட்டியில் அச்சிட்ட மதிப்பைப் பயன்படுத்தி, அறிக்கையின் அந்தக் கட்டத்தையும் நிரப்புங்கள்.