சொல் விளக்கம்: அகப்பை

ஐப்பசி அமாவாசை கழிந்ததும் கந்த சஷ்டி தொடங்கிவிடும். வடபழனி முருகன் கோயிலில் கூட்டம் நெரியும். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் வழக்கமான செய்தி வந்துவிடும்: ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது தவறு. சஷ்டியில் விரதம் இருந்தால் அகப் பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும் என்பதே சரி.’ போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா இதைக் காட்டி, “நிஜமாவா?” என்று கேட்டார்.

இல்லை அக்கா. அகப்பை என்றால் கரண்டிதான். கொட்டாங்கச்சியைத் தேய்த்து வழவழப்பாக்கி, துளையிட்டு, மூங்கில் காம்பைச் செருகினால் அகப்பை. மண்சட்டியைக் கீறாது, காம்பு கையைச் சுடாது. பேச்சில் இது ஆப்பை ஆகும், அகமுடையான் ஆம்படையான் ஆனதுபோல. இன்றைய சமையலறையில் இதற்கு நெருக்கமானது குழிக்கரண்டி.

இதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு: மூழை. நல்லவர் சொல்லும் அறத்தின் அருமை அறிவில்லாதவனுக்குத் தெரியாது என்று சொல்ல வந்த நாலடியார், ‘பாற்கூழை மூழை சுவையுணரா தாங்கு’ என்கிறது. பால்கூழிலேயே கிடந்தாலும் கரண்டிக்கு ருசி தெரியாது! எவ்வளவு அழகான, கண்ணில் படும் உவமை. இந்தச் சொல் வழக்கொழிந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, சஷ்டிக்கு வருவோம். அது வடசொல், ஆறாவது என்று பொருள். தமிழில் ஆறாம் பிறை எனலாம். நஷ்டம் நட்டம் ஆவதுபோல சஷ்டியும் சட்டி ஆகும் என்பது உண்மையே. அதனால்தான் இந்த விளக்கம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் ஒலி பொருந்தினால் மட்டும் போதாது. சமைக்கிற சட்டி தமிழில் மட்டுமல்ல, மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் சட்டிதான். ‘அகப்பை பிடிப்பவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன?’ என்று இன்னொரு பழமொழி. அங்கே கருப்பையை நுழைக்க முடியுமா?

அப்புறம், உள்ளே இருப்பதுதான் வெளியே வரும் என்ற இந்த எண்ணம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. சவுகார்பேட்டையில் வாழும் குஜராத்திகளின் மொழியில், ‘கிணற்றில் இருந்தால்தான் தொட்டிக்கு வரும்.’ மராத்தியில், ‘கிணற்றில் இல்லாதது வாளியில் எங்கிருந்து வரும்?’ நாம் அடுப்படியில் பார்த்ததை அவர்கள் கிணற்றடியில் பார்த்திருக்கிறார்கள். விரதம் எதிலும் இல்லை.

கையில் காசில்லாதபோது, சரக்கில்லாத பேச்சைக் கேட்கும்போது, இந்தப் பழமொழி தானாக நாக்கில் வருகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் இதைச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சட்டியை நிரப்பும் வேலை பெரியவர்களுடையது அல்லவா?

அந்த அக்கா வருடம் தவறாமல் சஷ்டி விரதம் இருப்பவர். “அப்ப நான் விரதம் இருக்கறது?” என்றார். தாராளமாக இருங்கள், அது உங்களுக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ளது, அதற்குப் பழமொழியின் சாட்சி தேவையில்லை என்றேன்.