அடுக்கு விதி

'பவர் லா' என்பதைச் சிலர் 'சக்தி விதி' என்கிறார்கள், சிலர் 'ஆற்றல் விதி' என்கிறார்கள். இரண்டும் தப்பு. இந்த பவருக்கும் மின்வாரியத்துக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக் கணக்கில் எண்ணின் தலைமேல் சின்னதாக உட்காருமே, அந்த அடுக்குக்குறிதான் இது. கிரேக்கர்கள் வர்க்கத்தை 'டூனமிஸ்', அதாவது வல்லமை, என்றார்கள். அது லத்தீனில் 'பொட்டென்ஷியா' ஆகி, ஆங்கிலத்தில் பவர் ஆனது. நமக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். 'அடுக்கு விதி' போதும். 'படி விதி' என்றாலும் பிழையில்லை. ஆனால் அரிசியைப் படியால் அளந்து பழகிய வட ஆற்காட்டுக்காரருக்கு வேறு நினைப்பு வரும்.

சரி, விதி என்ன? நிகழ்வின் அளவு இரட்டித்தால், அப்படிப்பட்ட நிகழ்வுகளின் எண்ணிக்கை ஒரே மடங்கில் குறையும். 10 இருபதானாலும் 10,000 இருபதாயிரமானாலும் அந்த மடங்கு மாறாது. அதனால் 'வழக்கமான அளவு' என்று ஒன்றைக் காட்டவே முடியாது.

1987இல் பெர் பாக், சாவ் டாங், கர்ட் வீசன்ஃபெல்ட் என்ற மூன்று இயற்பியலாளர்கள் ஒரு மணல்மேட்டு மாதிரியைச் சொன்னார்கள். கட்டம் போட்ட பலகையில் ஏதோ ஒரு கட்டத்தில் ஒவ்வொரு மணியாகப் போடுங்கள். ஒரு கட்டத்தில் 4 மணி சேர்ந்தால் அது சரிந்து, நான்கு பக்கமும் ஒவ்வொன்றைத் தள்ளிவிடும். வாங்கிய கட்டமும் நிறைந்திருந்தால் அதுவும் சரியும். ஓரத்தில் விழுவது வெளியே போய்விடும். பல சரிவுகள் ஓரிரு கட்டத்தோடு அடங்கும். எப்போதாவது ஒன்று பலகையையே கலைக்கும். சின்னதும் பெரியதுமான இந்தச் சரிவுகளின் எண்ணிக்கைதான் அடுக்கு விதிப்படி குறையும். யாரும் திருகித் திருத்தாமலே மேடு இந்த நிலைக்குத் தானாக வந்து நிற்பதுதான் விசேஷம். 'தானமை மாறுநிலை' என்று இதைச் சொல்லலாம். எந்தக் கட்டத்தை முதலில் சரித்தாலும் கடைசியில் ஒரே அமைப்புதான் மிஞ்சும் என்று 1990இல் காட்டியவர் தீபக் தார். புள்ளியியல் இயற்பியலுக்கான போல்ட்ஸ்மன் பதக்கத்தை 2022இல் பெற்ற முதல் இந்தியர் அவர்.

இதை நம்பிப் பாலாற்று மணலைக் குவித்துப் பார்க்க வேண்டாம். பரிசோதனைகளில் நிஜ மணல் பெரும்பாலும் இந்த விதிக்கு மசியவில்லை. உருளும் மணிகள் வேகம் பிடித்துவிடும். 1996இல் ஆஸ்லோவில் மணலுக்குப் பதில் அரிசியை இரண்டு தகடுகளுக்கு நடுவே கொட்டினார்கள். நீள அரிசி உருளாமல் உராய்ந்து நின்று நின்று சரிந்தது. அடுக்கு விதி கிடைத்தது. உருண்டை அரிசியில் கிடைக்கவில்லை. ஆம்பூர் பிரியாணிக்குப் போடும் சீரகச் சம்பா எந்தப் பக்கம் சேரும் என்று நம்மூர்க் கல்லூரி எதிலாவது பார்க்கலாம். செலவு ரெண்டு கிலோ அரிசிதான்.