இரண்டு எழுத்து, பல வேர்கள்

‘டீச்சர்’, ‘பெட்டர்’, ‘டின்னர்’ என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களும் ‘இ’, ‘ஆர்’ என்ற ஒரே எழுத்து இணையில் முடிகின்றன. ஆயினும் அந்த மூன்று ஈறுகளும் பிறப்பால் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

முதலாவது, வினை செய்பவரைக் குறிக்கும் விகுதி. ‘ஓட்டுநர்’, ‘இயக்குநர்’ ஆகியவற்றில் ‘நர்’ ஆற்றும் பணியையே ஆற்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் இது ‘எரெ’ என்று வழங்கியது. லத்தீனின் ‘ஆரியுஸ்’ என்ற ஈற்றை ஆங்கிலத்தின் குடும்பமான ஜெர்மானிய மொழிகள் கடன்பெற்றதால் இது பிறந்தது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. சொல்லைக் கடன் வாங்குவது எளிது; விகுதி அப்படியன்று. அதைத் தாங்கிய சொற்கள் ஏராளமாக வந்து சேர்ந்து, பேசுவோர் பகுதி வேறு, விகுதி வேறு எனப் பிரித்துணர்ந்த பிறகே அது சொந்தச் சொற்களிலும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் இவ்விகுதி ஆளிலிருந்து கருவிக்கும் தாவியது: 17ஆம் நூற்றாண்டில் ‘கம்ப்யூட்டர்’ என்றால் கணக்கிடும் மனிதர்.

‘பெட்டர்’ என்பதில் இருப்பது ஒப்பீட்டு விகுதி. அதே குடும்பத்தைச் சேர்ந்த 4ஆம் நூற்றாண்டுக் கோதிக் மொழியில் இதே சொல் ‘பட்டிஸா’. அங்கே ‘ஸ’ போல நின்ற, தொண்டை அதிரப் பிறக்கும் ஒலி, ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் ‘ர’வாகத் திரிந்தது. ஆங்கிலத்தில் ‘வாஸ்’ (was) என்ற ஒருமைக்கு ‘வேர்’ (were) என்ற பன்மை அமைந்ததும் இந்தத் திரிபினால்தான்.

‘டின்னர்’ இன்னும் வேடிக்கையானது. உண்ணுதலைக் குறித்த பழைய பிரெஞ்சு வினையெச்சம் அப்படியே பெயர்ச்சொல்லாகிவிட்டது. அதன் ஈற்றுக்கு ஆங்கிலத்தில் தனிப்பொருள் எதுவும் இல்லை.

சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் விழாததால் உயிரொலிகள் மங்கி, வேறுபட்ட இவ்வீறுகள் ஒரே ஒலியாயின. அந்த மயக்கம் புதுச் சொற்களையும் ஈன்றது: ‘பெட்லர்’ என்ற தெரு வணிகரின் பெயரில் விகுதி இருப்பதாக எண்ணி, அதை வெட்டி, ‘பெடில்’ என்ற வினையைப் பின்னால் உருவாக்கினார்கள்.

இதே எழுத்துகள் சுருக்கமாகும்போது மருத்துவமனையின் அவசரப் பிரிவையும், உயிரணுவுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலையையும் குறிக்கின்றன. பின்னதற்குப் பெயரிட்ட கீத் போர்ட்டரின் பெயரும் இதே எழுத்துகளில் முடிவது தற்செயலே.

பிரிட்டனிலோ இவை ‘எலிசபெத் ரெஜினா’, அதாவது எலிசபெத் அரசி என்பதன் லத்தீன் சுருக்கம். இரண்டாம் எலிசபெத் அரசியின் முத்திரையில் இவ்விரு எழுத்துகளோடு ‘இரண்டு’ என்ற ரோமானிய எண்ணும் இருந்தது. முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதில்லை. ஆகவே இந்த அரசி தங்களுக்கு எப்படி இரண்டாமவர் ஆவார் என்று அங்குள்ளோர் சிலர் கொதித்தார்கள். அம்முத்திரையோடு 1952இல் எடின்பரோவில் நிறுவப்பட்ட அஞ்சல் பெட்டி 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பிறகு ஸ்காட்லாந்தில் வைத்த புதிய பெட்டிகளில் எழுத்துகள் நீங்கி, ஸ்காட்டிஷ் மணிமுடியின் உருவம் மட்டுமே இடம்பெற்றது.