முதல் 12 நாள் கணக்கு மட்டும் தப்பா வருதா?

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவரிடமிருந்து போன வாரம் போன். கொள்முதல் ரிப்போர்ட் மாதத்தின் முதல் 12 நாளும் தாறுமாறாம். 13ஆம் தேதியிலிருந்து சரியாகிவிடுகிறதாம். சாஃப்ட்வேர் எழுதிய தம்பி வைரஸ் என்று முடிவுகட்டி விண்டோஸையே மறுபடி போட்டிருக்கிறான். இந்தக் கோளாறுக்காக இந்த வருஷம் நான் ஏறும் நாலாவது கடை.

"கன்ட்ரோல் பேனல்ல இந்தியத் தேதிதான் வச்சிருக்கேன்ணே, ஸ்கிரீன்லயும் 05/06/2024ன்னுதானே காட்டுது?" என்று சாதிக்கிறான். எத்தனை பேருக்குத்தான் சொல்வது! ஸ்கிரீனில் தெரிவது டேட்டாபேஸில் இல்லை. உள்ளே சாய்கோடு கிடையாது, நாள் முந்தியா மாதம் முந்தியா என்ற வரிசையும் கிடையாது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான ஆக்சஸுக்கு 2024 ஜூன் 5 என்பது 45448 என்ற எண். 1899 டிசம்பர் 30இலிருந்து எண்ணிய நாள்கணக்கு. அந்த எண்ணை நீங்கள்தான் எழுத்தாக்கி, டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளையான குவெரியில் ஒட்டுகிறீர்கள். # குறிகளுக்குள் வரும் தேதியை, உங்கள் விண்டோஸ் என்ன சொன்னாலும், ஆக்சஸ் மாதம் முதலில் என்றே படிக்கும். ஜூன் 5 கேட்டால் மே 6 வரும். 13ஆம் மாதம் இல்லாததால் 13/06ஐ மட்டும் சத்தமில்லாமல் திருப்பிப் படித்துக்கொள்ளும். பிழைச் செய்தி ஒன்று வந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்போம்.

தேதியை எழுத்தாக ஒட்டாதீர்கள். பாராமீட்டராக, அதாவது குவெரியின் எழுத்தோடு சேர்க்காத தனி மதிப்பாக, தேதியாகவே அனுப்புங்கள். ஒட்டியே தீரவேண்டுமென்றால் ஆக்சஸில் 2024-06-05, இன்னொரு டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் கோடில்லாமல் 20240605. ரிப்போர்ட் தப்பினால் புரோகிராமை முறைக்காமல், கடைசியில் உருவாகும் குவெரியை அச்சிட்டுப் பாருங்கள். பாதி நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

தேதியோடு நேரமும் இருந்தால், குவெரியில் 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்கும் பிட்வீன் வேண்டாம். ஜூன் 30 வரை என்றால் 30 பிறக்கும் நள்ளிரவோடு முடிந்துவிடும், அன்றைய வியாபாரம் முழுக்கப் போச்சு. ஜூலை 1க்கு முன் என்று கேளுங்கள். சர்வர் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால், தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை 4 மணிக்குப் போட்ட பில் முந்தின நாள் இரவு 10.30 ஆகப் பதிவாகும். தம்பிமாரே, ஒப்படைக்கும் முன் ஒரு 5ஆம் தேதி, ஒரு மாதக் கடைசிச் சாயங்காலம், ஒரு விடியற்காலை மூன்றுக்கும் பில் போட்டுப் பாருங்கள்.

ரப்பர் கடையில் பதிவுகள் கெடவில்லை. குவெரியை மாற்றியதும் கணக்கு நேராகிவிட்டது. முந்தைய கடையில் பதியும்போதே இப்படி ஒட்டியிருந்தார்கள். எந்த மே 6 உண்மையில் ஜூன் 5 என்று, பில் புத்தகத்தை வைத்து இன்னும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.