முதல் வரைவு மாணவருடையதாக இருக்கட்டும்

முதலாமாண்டு பொது ஆங்கில வகுப்பில் ‘என் அப்பா’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியின் அப்பா கொத்தனார் என்பது எனக்குத் தெரியும். அவள் அனுப்பியதில் கரண்டியும் இல்லை, சாரமும் இல்லை. முதல் வரியிலேயே ‘பீக்கன் ஆஃப் ரெசிலியன்ஸ்’ (மன உறுதியின் கலங்கரை விளக்கம்) என்று இருந்தது. “பீக்கன்னா என்னம்மா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “நோட்டுல நானாதான் எழுதினேன் மேம். ரொம்பத் தப்பா இருந்துச்சு. அதான் சாட்ஜிபிடில போட்டேன்.”

அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். “மை ஃபாதர் வில் வேக் அப் அட் ஃபோர். ஹி வில் டேக் பழைய சோறு. ஹி வில் கோ டு ஒர்க்.” வரிக்கு வரி ‘வில்’. இது கவனக்குறைவால் வந்த பிழை இல்லை. தமிழில் ‘தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார், வேலைக்குப் போவார்’ என்கிறோம். நம் எதிர்கால வினைமுற்று அன்றாட வழக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். அவள் அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது நிகழ்காலம்: வேக்ஸ் அப், கோஸ். அவளிடம் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் அந்த மூன்று வரிகளையும் மறுநாள் கரும்பலகையில் எழுதினேன். பாதி வகுப்பு அவசரமாகத் தன் நோட்டைப் புரட்டியது.

சாட்ஜிபிடி அந்த ‘வில்’ எல்லாவற்றையும் ஒரு நொடியில் எடுத்துவிட்டது. எதற்காக எடுத்தது என்று அவளும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. எனக்குக் கவலை இங்கேதான். நான் பாடம் தொடங்க வேண்டிய இடமே அந்தப் பிழைதான். அது என் கண்ணில் படுவதற்குள் மறைந்துவிடுகிறது.

அதற்காகப் போனை வகுப்புக்கு வெளியே வைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இப்போது முதல் 20 நிமிடம் கையால் எழுதுகிறார்கள். பிறகு போனை எடுக்கலாம். ஆனால் ‘திருத்திக் கொடு’ என்று கேட்கக் கூடாது. ‘பிழை எந்த வரியில் என்று மட்டும் காட்டு, திருத்தாதே, காரணத்தைத் தமிழில் சொல்’ என்று கேட்க வேண்டும். அது சொல்லும் காரணமும் சில நேரம் தவறாக இருக்கும். அதையும் வகுப்பில் வைத்துப் பேசுகிறோம்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று. ‘இது இயந்திரம் எழுதியது’ என்று சதவீதம் காட்டும் கருவிகளை நம்பி மாணவரைக் குற்றம் சொல்லாதீர்கள். நான் ஒரு முறை அப்படிக் குற்றம் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் அடித்துத் திருத்திய நான்கு பக்கங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை 7 கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்து எளிமையாக எழுதினால் அந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வருகிறது. தமிழ்வழியில் படித்து வந்த நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் அப்படித்தானே இருக்கும்? கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால், கட்டுரை எப்போது எப்படி வளர்ந்தது என்பதை அதன் வெர்ஷன் ஹிஸ்டரியில் பார்த்துக்கொள்ளலாம். எதிரே உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்பது அதைவிட நல்லது.

சரி, போன், இணையம் போன்றவற்றால் உண்மையில் பெரிய நன்மை எங்கே? என் அனுபவத்தில், பேச்சில்தான். 60 பேர், 50 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அதிலும் எழுந்து நின்று பேச எல்லோரும் கூச்சப்படுவார்கள். வாரம் ஒரு முறை ஒரு நிமிடப் பேச்சைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியிடம் எத்தனை முறை பதிவு செய்தாய் என்று கேட்டேன். “பதினொன்னு மேம்.” பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி பேசியிருக்கிறாள். யாரும் பார்க்காமல் பதினொரு முறை பேசிப் பார்க்க எந்த வகுப்பறை இடம் கொடுக்கும்? ‘கம்ஃபர்டேபிள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஓர் இணைய அகராதியில் ஒலியைத் தட்டிக் கேட்டு ‘கம்ஃப்டபிள்’ என்று தானே மாற்றிக்கொண்டிருந்தாள்.

முதலில் இதை வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தேன். அது தவறு. குழுவில் இருக்கும் எல்லோருக்கும் பெண் பிள்ளைகளின் எண் தெரியும். ஒரு மாணவிக்கு வேண்டாத செய்திகள் வரத் தொடங்கின. என்னிடம் சொல்லவே அவள் இரண்டு வாரம் தயங்கியிருக்கிறாள். அன்றே கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறினோம். அங்கே யார் எண்ணும் யாருக்கும் தெரியாது. ஒருவர் அனுப்பும் பதிவை இன்னொரு மாணவர் கேட்கவும் முடியாது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போவது என்று இருக்கும் பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் என் போனைத் தருகிறேன்.

கொத்தனார் மகள் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்தாள். ‘வேக்ஸ் அப்’ சரியாக இருந்தது. பழைய சோற்றுக்கு என்ன ஆங்கிலம் என்று தேடாமல் அப்படியே விட்டிருந்தாள். நானும் அதில் கை வைக்கவில்லை.